செங்கம் கணவாய்க்குப் போன கருணாகரன்

கருணாகரன் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். தேனிப் பக்கத்து ஆள். வேலைக்கு வந்து இருபத்தொன்பது வருஷத்தில் ஒருவரையும் அதட்டிப் பேசியதில்லை. பெல்ட் அறுந்து மண் கொட்டினால்கூட, "கொஞ்சம் நிறுத்துங்கப்பா" என்பதோடு சரி. அப்படிப்பட்டவருக்குச் சண்டைக் கதை என்றால் உயிர். அட்டை போன பழைய சரித்திரப் புத்தகம் ஒன்றில், 1767 செப்டம்பர் மூன்றாம் தேதி செங்கம் கணவாயில் ஐதர் அலியின் படையும் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் மோதிய கதையைப் படித்திருந்தார். இங்கிருந்து நாலு மணி நேரப் பயணத்தில் ஒரு போர்க்களம்! போய்ப் பார்க்காமல் எப்படி இருக்க முடியும்?

2017இல் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. சரியாக இருநூற்றைம்பது வருஷம். ஷிப்டும் இல்லை.

"சண்டை நடந்த எடத்துல இப்ப என்னங்க இருக்கும்?" என்று கேட்டாள் மனைவி கமலா.

"மலை இருக்கும்."

"அது சண்டை நடக்காத எடத்துலயும் இருக்குமே."

கேட்டாளே தவிர, விடியுமுன் எழுந்து ஒரு பெரிய தூக்கு நிறையப் புளியோதரை கிண்டிவிட்டாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சுப்பிரமணியனும் அவர் மனைவி கஸ்தூரியம்மாளும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களிடம் கருணாகரன், "திருவண்ணாமலைப் பக்கம் ஒரு ட்ரிப்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். போர் விஷயத்தை விட்டுவிட்டார். வேன் பக்கத்து ஊரான வடக்குத்துச் சிலம்பரசனுடையது. அவனே ஓட்டினான்.

திருவண்ணாமலையில் கோபுரம் தெரிந்ததும் கஸ்தூரியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேன் நிற்கவில்லை.

"அண்ணே, கோயில் போவுதே!"

"திரும்பி வர்றப்ப பாத்துக்கலாம் தங்கச்சி" என்றார் கருணாகரன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

செங்கம் தாண்டி, இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்த இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் இறங்கிப் பார்த்தார்கள். ஒரு கல்வெட்டு இல்லை, பெயர்ப்பலகை இல்லை. புளியமரங்களும் வெயிலும்தான். கருணாகரன் நாலாபக்கமும் பார்த்தார். ஓரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வீராயி என்ற பெண்ணிடம் போனார்.

"ஏம்மா, இங்க பெரிய சண்டை நடந்துச்சே, எந்த எடம்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? எங்க கொழுந்தனாரும் பங்காளியும் போட்டுகினாங்க. அதோ அந்தக் கெணத்து மேட்டாண்ட. நீங்க போலீசுங்களா?"

"இல்லம்மா. இது இருநூத்தம்பது வருஷத்துக்கு முந்தி."

"அவங்க தாத்தா காலத்திலேர்ந்தே தகராறுதாங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

சுப்பிரமணியனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "யோவ், இதுக்காய்யா கோயிலத் தாண்டி வந்தோம்?"

கருணாகரன், வந்ததற்குப் போரையாவது காட்டிவிடுவது என்று முடிவு செய்து ஒரு பாறைமேல் ஏறினார். "தங்கச்சி, நீங்கதான் ரெண்டு படையும் பிடிக்கப் பாத்த குன்று. அசையக் கூடாது. சுப்பிரமணி, நீ கும்பினிப் பட்டாளம். சிலம்பரசா, நீ குதிரைப் படை."

"வண்டிய யாருங்க பாத்துக்கறது?" என்றான் குதிரைப் படை.

யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் யோசிக்கவில்லை. கமலா தட்டு எடுப்பதற்காகப் பின்கதவைத் திறந்து வைத்திருந்தாள். கருணாகரன் கையை உயர்த்தி, வாழ்நாளில் முதல்முறையாக அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "பாய்ந்தது குதிரைப் படை!"

மரத்திலிருந்து குரங்குகள் பாய்ந்தன.

பத்தா, இருபதா, எண்ண நேரமில்லை. சிலம்பரசன் செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடினான். "ஒண்ண வெரட்டுனா நாலு வந்துகினே இருக்குதுங்க!" சுப்பிரமணியன் வேனுக்கு அடியில் புகுந்தார். குன்றாக நின்ற கஸ்தூரியம்மாள் குன்றாகவே நின்றாள். பயத்தில் கால் நகரவில்லை. தூக்கு உருண்டு, மூடி திறந்து, இரண்டே நிமிஷத்தில் புளியோதரை மரத்துக்குப் போய்விட்டது.

"எல்லாம் போச்சா?" என்று பாறைமேலிருந்து கேட்டார் கருணாகரன்.

"ஊறுகா இருக்கு" என்றாள் கமலா.

கருணாகரன் சிரிக்க ஆரம்பித்தார். பாறையிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கமலா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இல்ல கமலா, அன்னிக்கும் இதேதான். கும்பினிக்காரன் அரிசியையெல்லாம் பறிகொடுத்துட்டு, பட்டினியா திருவண்ணாமலைக்கு நடந்தான்னு எழுதியிருக்கு."

"அப்ப தோத்துட்டானா?"

"அதான் இல்ல. சண்டையில அவன்தான் ஜெயிச்சான். சோறுதான் போச்சு."

"சோத்த விட்டுட்டு என்ன ஜெயிப்பு? தம்பி, வண்டிய எடு."

திருவண்ணாமலை மெஸ்ஸில் இலை போட்டதும் எல்லோரும் குனிந்து சாப்பிட்டார்கள். மூன்றாவது முறை சாம்பார் வாங்கிக்கொண்டபோதுதான் சுப்பிரமணியனுக்கு முகம் தெளிந்தது.

"அது சரி, அந்தப் பட்டாளம் இங்க வந்து சாப்பிட்டுச்சா இல்லியா?"

கருணாகரனிடம் சரித்திரத்தைப் பற்றி இப்படி ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை. ரசம் ஆறிக்கொண்டிருக்க, கருணாகரன் சொல்லத் தொடங்கினார். பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பி உட்கார்ந்தார்கள். பிறகு எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். கஸ்தூரியம்மாள் இரண்டு சுற்று கூடுதலாகவே சுற்றினாள்.

அந்த வாரம் முழுக்கக் கமலா வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். செங்கம் போரை அவள்தான் சொன்னாள். அவள் கணக்கில் குரங்குகள் இருநூறு. ஐதர் அலியும் கிட்டத்தட்ட மரத்திலிருந்துதான் குதித்தார். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கருணாகரனுக்குப் பொறுக்கவில்லை.

"கமலா, குதிரையில வந்தாரு."

"நீங்க சும்மா இருங்க. வருஷம் மறந்தா கூப்பிடுறேன்."

அவர் சும்மா இருந்தார். ஆனால் பேப்பரின் பக்கத்தைப் புரட்டவேயில்லை.