எரிகல்லுக்கு ஓர் அம்பு ஸ்டிக்கர்

பனியன் கம்பெனியில் துணி செக்கிங் செய்பவள் நான். வானம் பார்ப்பதில் பைத்தியம். மார்கழி விடியலில் மொட்டை மாடியில் நின்றபோது, தெருவையே வெளிச்சமாக்கிய ஓர் எரிகல் அனுப்பர்பாளையம் பக்கம் மறைந்தது. அங்கே சிவப்பாக ஏதோ எரிந்தது. மொபட்டில் பறந்தேன். ஒரு கொட்டகைக்குள் தீ!

"வெளிய வாங்க, எரிகல் விழுந்துருச்சுங்க!" என்று கத்தினேன். உள்ளிருந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

அவர்களில் ஒருவரான பட்டறைக்காரர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, அது பித்தளை உருக்குற உலைங்க. தினமும் எரியறதுதானுங்க."

பக்கத்தில் விழுந்ததாகத் தோன்றும் எரிகல் வெகுதூரம் தள்ளி மறைந்திருக்கும் என்று பிறகுதான் படித்தேன்.

கம்பெனியில் துணியில் ஓட்டை தெரிந்தால், அந்த இடத்தைக் காட்டும் அம்பு ஸ்டிக்கர் ஒட்டாமல் நகரமாட்டேன். வானத்துக்கும் இப்போது அதே முறைதான். நின்ற இடத்திலிருந்தே, எரிகல் மறைந்த திசைக்கு மாடிச்சுவரில் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். இதுவரை மூன்று அம்புகள். மொபட் கீழேயே நிற்கிறது.