ஐந்தாவது மாடு

ஒவ்வொரு விறகையும் தரையில் மூன்று முறை தட்டிவிட்டுத்தான் அண்ணி அடுப்பில் வைப்பார். உள்ளே எறும்போ புழுவோ இருந்தால் வெளியே வந்து பிழைத்துப் போகட்டும் என்று. எங்கள் நயினார் வீடுகளில், அதாவது தமிழ்ச் சமணர் வீடுகளில், அது வழக்கம்தான். ஆனால் அண்ணி மாதிரி, தட்டிய விறகைக் காதருகே வைத்துக் கேட்டவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்தாக வேண்டும், அதுவும் எங்கள் வழக்கம். நானோ உலை கொதிக்கவில்லையே என்று அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். "ஏம்மா, நீ பாத்துக்கினு இருந்தா சூரியன் நின்னுடுமா? குந்து" என்பார்.

அண்ணி என் கணவரின் அக்கா. கல்யாணமான இரண்டாம் வருஷமே தாலியை இழந்து, ஒரு கன்றுக்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். அந்தக் கன்றுதான் செவலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், எழுபதுகளின் தொடக்கத்தில் ஏனாத்தூர்ப் பக்கத்து அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது, செவலை கறவை ஓய்ந்து, பல் தேய்ந்து, வைக்கோலை மெல்ல முடியாமல் வாயில் வைத்துக்கொண்டு நிற்கும். மழை பொய்த்து வைக்கோலுக்குத் திண்டாட்டம். மாட்டுத் தரகர் வாரம் தவறாமல் வந்தார். அவர் கையில் கொடுத்தால் மாடு எங்கே போய்ச் சேரும் என்று எல்லோருக்கும் தெரியும். என் கணவர் பாதி மனதுக்கு வந்துவிட்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வரும் அரசாங்க ஊழியர், கிராம சேவக் வந்து, சாணியிலிருந்து காஸ் எடுக்கும் குழியைப் பற்றிச் சொன்னார். ஐந்து மாடாவது வேண்டும் என்றார். எங்களிடம் உழவு மாடு இரண்டு, கறவை இரண்டு. அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "செவலையோட எண்ணு தம்பி, அஞ்சு. பால் இல்லன்னா இன்னா, சாணி போடுது இல்ல?" என்றார். என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செவலை தப்பித்தது.

கொல்லையில் குழி வெட்டிச் சுவர் எழுப்பி, அதன்மேல் ஒரு பெரிய இரும்பு டிரம்மைக் கவிழ்த்தார்கள். காஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும். அடுப்பில் முதன்முதலாக நீலத் தீ எரிந்தபோது அண்ணி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல ஒரு உசுரும் வேவாது" என்றார்.

எனக்கு மட்டும் பயம். "நெருப்பை மட்டும் கிட்டக் கொண்டு போகாதீங்கம்மா" என்று கிராம சேவக் சொன்னது ஒன்றுதான் என் காதில் தங்கியது. குழந்தைக்கு அப்போது நான்கு மாதம். டிரம் எழும்ப எழும்ப, எப்போது வெடிக்குமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். மத்தியானம் எல்லோரும் கழனிக்குப் போனதும் கொல்லைக்குப் போய், டிரம்மிலிருந்து அடுப்புக்கு வரும் குழாயின் திருகைத் திறந்துவிடுவேன். புஸ்ஸென்று நாற்றத்தோடு காஸ் வெளியே போகும். டிரம் தாழ்ந்த பிறகுதான் திருகை மூடுவேன்.

சாயங்காலம் அடுப்பு அழுது வடியும். சோறு பாதி வெந்திருக்கும்போதே தீ அணைந்துவிடும். விறகைத் தேடி எடுத்துத் தட்டி மூட்டுவதற்குள் பொழுது போய்விடும். கழனியில் பாடுபட்டு வந்த மனுஷர் வெறும் வயிற்றோடு எழுந்து போவார். "நயினார் வூட்டுக் காஸும் பொழுது சாஞ்சா விரதமா?" என்று தெருவில் கேலி பேசினார்கள். அண்ணி மாடுகள்மீதுதான் குறை என்று நினைத்தார். தன் கஞ்சியில் பாதியைச் செவலைக்கு ஊற்றுவார். அதன் முதுகைத் தடவிக்கொண்டே, "கொஞ்சம் நல்லாப் போடுமா. என் மானத்தக் காப்பாத்து" என்று கெஞ்சுவார். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். சொல்லிவிடலாம் என்ற நினைப்பு வரும். சொன்னால் வீட்டில் என்ன நடக்குமோ என்ற பயம் அதை அமுக்கிவிடும்.

இப்படியே இரண்டு மாதம் போயிற்று. தொடர்ந்து நான்காம் நாள் பட்டினியில் என் கணவர் தட்டைத் தள்ளினார். "கெழட்டு மாட்டுச் சாணில சத்து எங்கருந்துக்கா வரும்? காலையில தரகர வரச் சொல்றேன்" என்றார். காலையில் செவலை தரகர் இழுத்தும் நகரவில்லை. அண்ணியே கயிற்றை வாங்கி ஏரிக்கரை வரை நடத்திக் கொண்டுபோய்த் தரகர் கையில் விட்டுவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து நான் திருகைத் தொடவில்லை. தொடக் கை வரவில்லை. மூன்றாம் நாள் டிரம் அதுவரை இல்லாத உயரத்துக்கு எழும்பியது. தீ நீலமாக நின்று எரிந்தது. வெயில் இருக்கும்போதே சோறு வெந்துவிட்டது. அண்ணி கொல்லைக்குப் போய் டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். குழாய் முழுக்கத் துரு. திருகு மட்டும் கை பட்டுப் பட்டு மின்னியது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"நாலு மாட்டுக்கே போதுதேமா" என்றார்.

அவ்வளவுதான். உள்ளே வந்து தட்டில் போட்ட சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். கடைசியில் படுக்கையில் கிடந்தவரைக் குளிப்பாட்டியதும் நான்தான். அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்.

இப்போது காஞ்சிபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் தொலைக்காட்சியில், நெல் வயலிலிருந்தும் மாடுகளிலிருந்தும் கிளம்பும் மீத்தேன் நம் நாட்டில் வருஷத்துக்கு வருஷம் எப்படிப் போகிறது என்று கோடு போட்டுக் காட்டினார்கள். அதனால் பூமி சூடாகிறதாம். சாணக் குழி காஸும் அதேதான் என்றாள் மகள். "எரிச்சுட்டா அவ்ளோ கெடுதல் இல்லியாம்மா. சும்மா தெறந்து வுட்டாத்தான். எல்லாம் இந்த மாடுங்களால வர்றது."

"எல்லாம் மாட்டால இல்ல" என்றேன்.

"பின்ன?" என்று திரும்பினாள். இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு வாய் வரவில்லை. எழுத வருகிறது.

செவலை நன்றாகத்தான் போட்டது, அண்ணி.