பொருள் போனால்தான் திருட்டு

செய்தி வந்தபோது காலை பதினொன்று இருபது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கையின் தலைப்புக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். நான்காம் எண் வீட்டு நர்ஸ் தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலிருந்தே போன் செய்தாள்.

"சார், நம்ம தையல்காரம்மா இறந்துட்டாங்க. திரைச்சீலை குடுத்துட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்காங்க. சமையலறை வழியா எவனோ வெளிய வந்திருக்கான். தள்ளிவிட்டுட்டு ஓடிட்டான். படியில தலை அடிச்சிருச்சு சார்."

ஸ்கேல் நழுவிக் கோடு கோணலாகப் போனது. அதை அழிக்க வேண்டுமென்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவர் பிற்பாடு தன்னை வெகுவாக நொந்துகொண்டார்.

மூன்றாம் தெருவின் கடைசி வீடு தையல்காரம்மாவுடையது. கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஜன்னலோரம் மிஷினைப் போட்டு உட்கார்ந்தால், தெருவில் யார் இளைத்தார், யார் பெருத்தார் என்பது இடுப்பளவோடு அவளுக்குத் தெரியும். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஊர்வம்பு பேசுவாள். ஒரு ஊசிகூடக் கீழே விழாது. பள்ளிச் சீருடைக்கு விளிம்பை இரண்டு விரல் தாராளமாக மடித்துத் தைப்பாள். "பிள்ளைங்க வளர்றதுக்கு நம்மகிட்ட பர்மிஷன் கேக்குமா?" என்பாள்.

செயலாளர் புள்ளிவிவரத் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். ஓய்வு பெற்றதும் அந்தக் கைப்பழக்கத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தார். எது திருட்டு, எது திருட்டில்லை என்று முறையாக வரையறை எழுதினார். பொருள் போயிருக்க வேண்டும், போலீஸில் புகார் எண் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் எண்ணிக்கையில் சேரும். அந்தக் கணக்கில் பத்தொன்பது மாதமாகக் குற்றம் பூஜ்யம். நுழைவாயில் பலகையில் மாதாமாதம் அதைத் தன் கையாலேயே எழுதுவார். தெருவில் அவருக்குப் 'பூஜ்யம் சார்' என்றே பெயர். பட்டத்தைச் சூட்டியவள் தையல்காரம்மாதான். "சார், பேன்ட்டுக்கு அளவு எடுக்கறேன், மூச்சை விடுங்க. வயிறு மட்டும் பூஜ்யம் ஆக மாட்டேங்குதே!"

போன மாதம் ஒரு நாள் காலையில் அவள் அவர் வீட்டுக்கு வந்தாள். அன்று வாயில் ஊசி இல்லை.

"சமையலறை ஜன்னல் கம்பியை யாரோ நெம்பியிருக்கான் சார். மேடையில செருப்புத் தடம் இருக்கு. நான் கடைக்குப் போன நேரம் பாத்து வந்திருக்கான்."

"என்னம்மா போச்சு?"

"ஒண்ணும் போகல. தூக்கம்தான் போச்சு."

"தூக்கம் போச்சுன்னு ஸ்டேஷன்ல புகார் எழுதுவாங்களா?" என்று சிரித்தார். அவளும் கூடச் சிரித்தாள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, இரண்டாம் தெருவில் இரண்டு வீடு விலைக்கு நிற்கிறது, இந்த நேரத்தில் போலீஸ் வந்து போனால் எல்லார் பேரும் கெடும், ஆசாரியைக் கூப்பிட்டுக் கம்பியைச் சரிசெய்துகொள்ளலாம் என்றார். தண்ணீர் கொண்டுவந்து வைத்த மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்று தையல்காரம்மா எழுந்துகொண்டாள். இப்போது அவரால் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தொண்டையில் நிற்பது அந்தச் சொல்தான்.

மறுநாள் மதியம் உடல் வீட்டுக்கு வந்தது. மிஷினில் பாதி தைத்த சட்டைக் கை ஒன்று மாட்டியபடியே இருந்தது. முற்றத்தில் சப்-இன்ஸ்பெக்டர் பொதுவாகக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் ஏதாவது நடந்திருக்கா?"

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள்.

"இல்லைங்க. இங்க அப்படி எதுவும் இல்லை" என்றது அவர் வாய்.

மாலையில் அவளுடைய தம்பி, பஸ் டிரைவர், அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "எங்ககூட வந்து இரு அக்கான்னு வருஷக்கணக்கா கூப்பிட்டேன் சார். எங்க ஏரியாவே சேஃப்டா, செயலாளர் விரல்விட்டு எண்ணிட்டிருக்காருன்னு உங்களைத்தான் சொல்லுவா." சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையை உருவிக்கொள்ளவும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீங்க போய்ச் சொல்லப் போறீங்களா, இல்ல நான் போகட்டுமா?" என்றாள் மனைவி. "அன்னைக்கு வாயை மூடிட்டிருந்தது நானுந்தான்."

காலையில் ஸ்டேஷனின் திறந்திருந்த வாசலில் கால்மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார். ஒன்றுவிடாமல் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் பேனாவை நிறுத்தினாள்.

"ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கமும் இதே மாதிரி ரெண்டு வீட்டுல ஜன்னலை நெம்பியிருக்கான். ரெண்டு புகாரும் எங்ககிட்ட இருக்கு. அந்தப் பக்கம் மட்டும் ரோந்து போட்டோம். உங்க பக்கத்துக்கும் போட்டிருப்போமே சார்." அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பார்.

அங்கிருந்து நேரே தம்பியிடம் போனார். அவன் முழுவதையும் கேட்டான். அக்காவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது.

"அப்ப எங்க அக்காவையும் அந்தப் பூஜ்யத்துக்குள்ளதான் வச்சிருந்தீங்களா?"

"ஆமாப்பா."

"போங்க சார். இப்ப எந்திரிச்சுப் போயிடுங்க."

போனார். அன்று பகலே ஒரு தாள் எழுதினார். முதல் திருட்டு முயற்சியைப் போலீஸுக்குச் சொல்லவிடாமல் தடுத்தது தான்தான் என்றும், பத்தொன்பது மாத அறிக்கைகளை யாரும் நம்ப வேண்டாம் என்றும், செயலாளர் பொறுப்பை விடுவதாகவும், மறைத்து வைத்த சம்பவம் எதுவாக இருந்தாலும் ஸ்டேஷனில் சொல்லும்படியும் அதில் இருந்தது. அறுபத்திரண்டு பிரதி எடுத்தார். தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஓடிவர மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டி, எதிரில் நின்று படிக்கக் கொடுத்தார்.

இரண்டாவது வீட்டுக்காரர் படித்துவிட்டுக் கதவை அறைந்து சாத்தினார். ஐந்தாவது வீட்டு அம்மா நிலைப்படியிலேயே நின்று, சென்ற வருடம் சங்கிலியை ஒருவன் இழுத்ததைச் சொன்னாள். "அறுந்து என் கையிலயே வந்துருச்சு. அதான் உங்க கணக்குல வராதேன்னு விட்டுட்டேன்." பதினோராம் வீட்டில் பின்கட்டுக் கதவின் பூட்டு உடைந்ததைச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் சைக்கிள். சைக்கிள் போயிருந்தது, ஆனால் புகார் எண் இல்லை. ஒவ்வொருவர் சொன்னதையும் தேதியோடு தாளின் பின்பக்கம் குறித்து, ஸ்டேஷனுக்குத் தானும் கூட வருவதாகச் சொன்னார். ஒரு வீட்டு வாசலில் அரைமணி நேரம்கூட ஆனது.

வெளிச்சம் போவதற்குள் இரண்டு தெருதான் முடிந்தது. மூன்றாம் தெருவின் இருபது வீடுகளுக்குத் தாள் இன்னும் கொடுக்கவில்லை; அவற்றை மறுநாள் காலைக்கு எடுத்து வைத்தார்.