தைப்பூச வாரத்துச் சீட்டு

எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. கோடையில் மீன் பிடிக்காதவனுக்குக் குளிர்காலத்தில் வாத்து கிடையாது. கேட்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். மீன் மாட்டாத வருஷங்களில் எனக்கும் அப்படித்தான் தெரியும்.

கடலூர் முதுநகரில் எனக்கு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஓ.டி., அதாவது ஓல்ட் டவுன், என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். தூண்டில் பைத்தியம் பிடித்ததிலிருந்து பல சனிக்கிழமை கடையைத் திறப்பதே இல்லை. என்னைப் போலக் கெட்டுப்போன நாலைந்து பேர் சேர்ந்து, குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு ஏரியோரத்தில் மறைப்பு கட்டி வைத்திருக்கிறோம். மூங்கில் நட்டு, சுற்றிலும் கீற்று வைத்துக் கட்டிய சின்னக் கூண்டு, அவ்வளவுதான். மார்கழி பிறந்தால் எங்கெங்கிருந்தோ ஊசிவால் வாத்தும் கிளுவையும் நீலச்சிறகியும் அந்த ஏரியில் வந்து இறங்கும். விடிவதற்குள் போய் உள்ளே உட்கார்ந்துவிட்டால், நாம் இருப்பதே தெரியாமல் பக்கத்தில் வந்து மேயும். சுடுவது கிடையாது, பிடிப்பது கிடையாது, பார்ப்பது மட்டும்தான். "சும்மா பாக்கவா அவ்ளோ தூரம் போறீங்க?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஆமாம், சும்மா பார்க்கத்தான் போகிறேன்.

மறைப்பில் இரண்டு பேர்தான் உட்காரலாம். அதனால் வாரத்துக்கு ஒருவர் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வோம். சீட்டு எடுத்தவர் தன்னோடு ஒரு ஆளைக் கூட்டிப் போகலாம். ஏரி வற்றிக் கிடக்கும்போதுதான் மூங்கில் நட முடியும் என்பதால் குலுக்கலும் கோடையிலேயே நடந்துவிடும். சனிக்கிழமை மீன், ஞாயிற்றுக்கிழமை மூங்கில், அன்று சாயந்திரம் சீட்டு. எங்களிலேயே பெரியவர், ஏரியோரத்துப் பட்டா நிலத்துக்குச் சொந்தக்காரர், அவரை எல்லோரும் மாமா என்போம். சட்டம் போட்டவர் அவர்தான். நிலம் அவருடையது, வேறென்ன பேச முடியும்?

இந்த வருஷம் என் மனைவி கேட்டாள். அவள் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியை. வீட்டிலும் அதேதான்.

"ஏங்க, எனக்கும் ஒரு சீட்டு வேணும்."

"ஒனக்கு எதுக்கு? வாத்த பாக்கணும்னா நானே கூட்டிட்டுப் போறேன்."

"வருஷா வருஷம் இதத்தான் சொல்றீங்க. போறது என்னமோ நீங்களும் அண்ணனும்."

அண்ணன் என்று அவள் சொன்னது பரங்கிப்பேட்டைக்காரரை. சவூதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து இப்போது ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். எனக்கு அவர் மச்சான், அவருக்கு நான் மச்சான். மறைப்புக்குள் என் பக்கத்தில் உட்காருகிறவர் அவர்தான். அவள் கட்டிக் கொடுக்கிற புளிசோற்றில் பாதி அவர் வயிற்றுக்குள்தான் போகும்.

"சீட்டு வேணும்னா மீன் புடிக்கணும், தெரியும்ல?" என்றேன்.

"புடிக்கிறேன்."

அன்றைக்கே என் பழைய தூண்டில் ராடை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். ஈயக் குண்டு கட்டி வீசிப் பழகினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, டீ குடித்துவிட்டு, நேரே மாடிக்கு. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த லுங்கி ஒன்று மாட்டியது. வாரம் போகப்போக, அவள் குறிவைக்கிற பிளாஸ்டிக் வாளிக்குள் குண்டு போய் விழுகிற சத்தம் கீழே எனக்குக் கேட்கும். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வேன், சிரிப்பு தெரியக் கூடாது என்று.

அந்தச் சனிக்கிழமை விடியும்போது கிள்ளைக்குக் கிழக்கே உப்பங்கழியோரத்தில் நின்றோம். சுரபுன்னைக் காட்டுக்குள் போக எங்களுக்கு அனுமதி கிடையாது, வெளிக்கரையில்தான் தூண்டில். தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. மாமா எல்லோரையும் நிற்க வைத்துச் சட்டத்தைச் சொன்னார். அவரவர் ராடு, அவரவர் கை. அடுத்தவன் கை பட்டால் செல்லாது. கெளுத்தி கணக்கில் சேராது.

"பொம்பளைக்கும் இதே சட்டம்தான்" என்றார் மாமா.

"வேற சட்டம் போட்டா நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள் என் மனைவி. மாமா குடையை விரித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

வெயில் ஏறியது. மச்சானுக்கு ஒரு செப்பிலி மாட்டியது. மாமாவுக்குக் கிழங்கான். மற்றவர்களுக்கும் ஏதோ ஒன்று. எனக்குக் கெளுத்தி. அதைக் கழற்றி விட்டுவிட்டு உயிர் இறாலை மாட்டிப் போட்டால் மறுபடியும் கெளுத்தி. கழியில் இருக்கிற கெளுத்தியெல்லாம் என்னைப் பார்க்கத்தான் கிளம்பி வந்த மாதிரி இருந்தது. ஒன்று முள்ளால் விரலில் குத்தியும் விட்டது. விரல் விண்விண்ணென்று தெறிக்க, வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன்.

என் மனைவிக்கு அதுகூட இல்லை. தொப்பிக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றாள். வீசுவாள், காத்திருப்பாள், இறாலைப் பார்ப்பாள், மறுபடி வீசுவாள். முகம் வெயிலில் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் நிழலில் உட்காரச் சொன்னேன்.

"தண்ணி ஏறுற நேரம்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப போயி உக்காரச் சொல்றீங்க?"

சொன்னது நான்தான்.

அப்புறம்தான் அது நடந்தது. அவள் ராடு ஒரே இழுப்பில் வளைந்து, ரீல் கத்த ஆரம்பித்தது. மீன் நேரே சுரபுன்னை வேரைப் பார்த்து ஓடியது. அந்த வேரில் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டால் கதை முடிந்தது. எத்தனை மீனை அங்கே நான் விட்டிருக்கிறேன்!

"இழு! இழுத்துப் புடி! வேருக்குள்ள உட்டுறாத!"

அவள் இழுத்தாள். அதற்குள் மீன் வேருக்குள் போயேவிட்டது. நரம்பு விறைத்து அப்படியே நின்றது. ரெண்டே எட்டில் அவளிடம் போயிருப்பேன். மாமா கையிலிருந்த குடையைக் குறுக்கே நீட்டினார்.

"கை பட்டா செல்லாது."

"இன்னும் இழு!" என்று நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்.

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராடைத் தாழ்த்தி, ரீலைத் தளர்த்தி, நரம்பை மொத்தமாக விட்டுவிட்டாள். நரம்பு தண்ணீரில் துவண்டு கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை. "போச்சு, எல்லாம் போச்சு" என்றேன்.

"மச்சான், வாய மூடு. தங்கச்சிக்குத் தெரியும்" என்றார் ஜவுளிக்கடைக்காரர். என் மச்சானாக இருந்தவர் ஒரே நிமிஷத்தில் அவளுக்கு அண்ணனாகக் கட்சி மாறிவிட்டார்.

துவண்டு கிடந்த நரம்பு மெல்ல நகர்ந்தது. இழுப்பு நின்றதும் மீன் தானாகவே வேரை விட்டு வெளியே வந்துவிட்டது. அதுவரை பொறுத்திருந்து, திறந்த தண்ணீருக்கு அது வந்த பிறகு, அவள் ராடைத் தூக்கினாள்.

கரையோரம் வந்ததும் இன்னொரு தொல்லை. வலை வைத்துத் தூக்கிவிட ஆள் கிடையாது, கை பட்டால் செல்லாதே. அவளே சேற்றில் இறங்கினாள். முழங்கால் வரை புதைந்தது. அடுத்த எட்டு வைக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விழுந்துவிட்டாள் என்று நான் பதறினேன். அவளோ உட்கார்ந்தபடியே ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மீன் மடிக்கு வந்தது. தொப்பியில் சுற்றியிருந்த துப்பட்டாவை உருவி அதன்மேல் போட்டு, குழந்தையை அணைக்கிற மாதிரி ரெண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

கொடுவா. நல்ல வளர்ந்த கொடுவா.

"மாஷா அல்லாஹ்!" என்று கத்தினார் மச்சான். மாமா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கை தட்டினார். கால் முதல் கழுத்து வரை சேறு அப்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கல்யாண மேடையில்கூட நான் அவளை இவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை.

வெயில் சாயும் வரை நான் கரையை விட்டு நகரவில்லை. எனக்கும் ஒரு சீட்டு வேண்டுமே. ஆனால் கெளுத்திகள் என்னைக் கைவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை பார்த்துவிட்டு நேரே குறிஞ்சிப்பாடி போனோம். கோயிலில் முழந்தாள் போடவே ரெண்டு பேருக்கும் முடியவில்லை, இடுப்பு அப்படி. ஏரி வெடித்துக் கிடந்தது. பழைய மறைப்பைப் பிரித்து, கடப்பாரையால் குழி போட்டு, மூங்கில் சுமந்து நட்டோம். "டீச்சர், நீங்க நெழல்ல இருங்க" என்று யாரோ சொன்னதற்கு, "சீட்டு வாங்கறவங்க வேல செய்யணும்" என்று கீற்றுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் கொடுவாக் குழம்பு. ராத்திரியே குழம்பு வைத்து எடுத்து வந்ததும் அவள்தான். மாமா கொண்டுவந்த பலாப்பழத்தை அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயந்திரம், குழம்பு காலியான தூக்குச் சட்டியைக் கழுவித் துடைத்து அதில் சீட்டைப் போட்டுக் குலுக்கினார் மாமா. எல்லாருக்கும் கண் பொங்கல் வாரத்தின் மேல்தான். அது மச்சானுக்கு விழுந்தது. என் மனைவி கையை விட்டு ஒன்றை எடுத்து, பிரித்து, உரக்கப் படித்தாள்.

"தைப்பூச வாரம்."

எல்லோரும் "ச்சோ" என்றார்கள். எங்கள் கூட்டத்தில் யாரும் தொட விரும்பாத சீட்டு அது. வடலூரில் ஜோதி பார்க்கப் போகிற கூட்டம் அந்த ரோட்டை அடைத்துக்கொள்ளும், விடிவதற்குள் ஏரிக்குப் போய்ச் சேர முடியாது. போன தடவை அது எனக்கு விழுந்தபோது போகாமலே விட்டேன்.

"தங்கச்சி, என் சீட்ட வச்சிக்கம்மா, மாத்திக்கலாம்" என்றார் மச்சான். மனசாரக் கேட்டார்.

"வேணாம்ணே. பூசத்துக்கு ஸ்கூல் லீவு. கூட்டம் ஜாஸ்தியா இருந்தா மொத நாளே கெளம்பிப் போய்ப் பக்கத்துல தங்கிக்கிறேன். வழியெல்லாம் டீக்கடை தொறந்திருக்கும், பயமில்லாம நடந்துகூடப் போவலாம். இவ்ளோ நல்ல வாரத்த ஏன் எல்லாரும் வேணாங்கறீங்க?"

வருஷக்கணக்காக ரோடு ரோடு என்று புலம்பின எங்களில் ஒருவருக்கும் நடந்து போகலாம் என்று தோன்றியதே இல்லை.

"சரி, கூட யாரக் கூட்டிட்டுப் போற?" என்று கேட்டார் மாமா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சீட்டில்லாதவன் நான் ஒருவன்தான். மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மச்சான், இந்த வருஷம் நீ வீட்டுல ஒக்காந்து வாத்து முட்டை சாப்டு" என்றார். நான் மூங்கில் சிராய் ஏறிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். ஸ்கூலில் கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் இருக்கிறார்கள். யாரையும் அவள் சொல்லலாம், சட்டம் அப்படி.

அவள் சீட்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இவரத்தான். ஆனா புளிசோறு அவரு கட்டணும்."

திங்கட்கிழமை கடையில் ஸ்டூலிலிருந்து எழவே முடியவில்லை. பிரேக் ஷூ வாங்க வந்த மெக்கானிக் தம்பி வழக்கம்போலக் கேட்டான்.

"என்ன அண்ணே, ஒங்களுக்கு எந்த வாரம் விழுந்துச்சு?"

"எனக்கு எங்கடா விழுந்துச்சு? எங்க டீச்சருக்கு விழுந்துச்சு, தைப்பூச வாரம்" என்றேன். தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "நான் கூடப் போறேன்."