தண்ணிப் பை

எங்கள் வீட்டில் இந்தி தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று ஒரு காலத்தில் எனக்குப் பேர் இருந்தது. அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, கோடைக்கானல் ஏரிக்கரை. அங்கே என் அத்தை மக்காச்சோளம் சுட்டு விற்றார். லீவு நாள்களில் நானும் கூடப் போய் நிற்பேன். வடக்கிலிருந்து வருகிறவர்கள் ‘கித்னா’ என்றால் விலை கேட்கிறார்கள், ‘தைலி’ என்றால் பை கேட்கிறார்கள். குதிரையில் ஏறி உட்கார்ந்தவர்களோ பயத்தில் ‘ருக்கோ, ருக்கோ’ என்றும் ‘தீரே, தீரே’ என்றும் அலறுவார்கள். நில்லு, மெதுவா என்று அர்த்தம். கிட்டத்தட்ட அவ்வளவுதான் என் இந்தி. தப்பு கண்டுபிடிக்க ஆள் இல்லாத வீட்டில் அது தாராளமாகப் போதும்.

வில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு மேல் சரிவில் ஒரு தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு அக்காவும் அவள் வீட்டுக்காரரும் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். அக்கா எங்கள் வாசல் குழாயில்தான் தண்ணீர் பிடிப்பாள். குடம் நிறையும் வரைக்கும் எங்களுக்குள் ஒரு விளையாட்டு நடக்கும். அவள் ஏதாவது ஒன்றைத் தொட்டு அவள் வார்த்தையைச் சொல்வாள், நான் தமிழில் சொல்வேன். ‘பானி’ எனக்கு வந்தது அப்படித்தான். என்னிடமிருந்து அவள் சோறு, குளிரு, அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டாள். ‘அட்டை’ என்று சொல்லும்போது நிஜமாகவே ஒன்று காலில் ஏறிவிட்டது போல உடம்பைச் சிலிர்த்துக் காட்டுவாள். அப்போது அவளுக்கு வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் வீட்டுக்காரர் சிமெண்ட் லாரியோடு வத்தலக்குண்டுக்குப் போயிருந்தார். அப்பா கேரட் மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா வேலிக் கம்பியைப் பிடித்துப் பிடித்துச் சரிவில் இறங்கி வந்து குழாயடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வையும் கண்ணீரும். அம்மாவைப் பார்த்து வேகமாக என்னவோ சொன்னாள். அதில் பானி மட்டும் எனக்குப் புரிந்தது. “தண்ணி கேக்குறாம்மா,” என்றேன்.

அம்மா ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா அதைத் தள்ளிவிட்டு மறுபடியும் பானி என்றாள்.

“வாயுப் பிடிப்பா இருக்கும். மாசம் இன்னும் கெடக்கே,” என்றாள் அம்மா.

“நான் மூடையை எறக்கிட்டு வெரசா வந்துர்றேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்,” என்று அப்பா வண்டியில் ஏறினார்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். குழாயடியில் எனக்குச் சொல்லித்தருவது போலவே, ஒவ்வொரு வார்த்தையாக, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். “பானி கி தைலி. ஃபட் கயி.”

பானி தெரியும். தைலி தெரியும். கடைசி வார்த்தை தெரியவில்லை. அதைப் புரிந்துகொண்டு அவளே இரண்டு கையாலும் துணியைக் கிழிப்பது போலக் காட்டினாள்.

“அம்மா, தண்ணிப் பை கிழிஞ்சிருச்சாம்,” என்றேன்.

ஒரு பை கிழிந்ததற்கா இவ்வளவு பெரியவள் அழுகிறாள் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. உடனே வீட்டுக்குள் ஓடி, அம்மா மெத்தைக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஜவுளிக்கடைப் பையை எடுத்து வந்தேன். எங்கள் வீட்டிலேயே நல்ல பை அதுதான்.

திரும்பி வந்தால், அம்மா ஜீப்புக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். “பனிக்குடம் ஒடஞ்சிருச்சுங்க! மூடையைத் தள்ளுங்க மொதல்ல!”

அப்பா மூட்டைகளைத் தூக்கி எறிந்தார். ஒன்று அவிழ்ந்து கேரட் எல்லாம் ரோட்டில் உருண்டு ஓடியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பையை நீட்டிக்கொண்டே நின்றேன். அதையும் யாரும் வாங்கவில்லை.

“நீயும் ஏறுடி. அவ சொல்றதைச் சொல்லு,” என்றாள் அம்மா.

ரோடெல்லாம் மேகம் இறங்கிக் கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் அப்பா ஆரன் அடித்து ஊர்ந்தார். அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். “இப்ப முக்க வேணாம்னு சொல்லுடி,” என்று அம்மா கத்தினாள். அதற்கு எனக்கு எங்கே வார்த்தை இருக்கிறது? கையில் இருந்ததைச் சொன்னேன். “ருக்கோ, ருக்கோ! தீரே, தீரே!”

அந்த வலியிலும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே முனகலாக மாறியது. பிறகு முன் சீட்டைப் பிடித்து உலுக்கி, “வெரசா அண்ணே, வெரசா!” என்றாள். அப்பா திகைத்துத் திரும்பிப் பார்த்தார். அந்த வார்த்தையை நான் கொடுக்கவில்லை. கட்டட வேலையில் மேஸ்திரி அவளை விரட்டி விரட்டிக் கொடுத்தது அது.

அரசு ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பா டீ வாங்கி வருகிறேன் என்று போய் வெறுங்கையோடு திரும்பி வந்தார். வெகுநேரம் கழித்து நர்ஸம்மா வெளியே வந்தார்.

“ஆம்பளைப் பிள்ளை. எடை கொஞ்சம் கம்மி, மத்தபடி ஒண்ணும் பயமில்ல. அம்மாவும் நல்லாயிருக்கு. இன்னும் சொணங்கியிருந்தீங்கன்னா கஷ்டமாப் போயிருக்கும்.”

அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நிம்மதியில் அழ ஆரம்பித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. “அப்ப பை வேணாமா?” என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்தவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் பார்க்கப் போனோம். வார்டில் எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. “இந்திக்காரப் பாப்பா வந்துட்டா,” என்றார் நர்ஸம்மா. கட்டிலில் அக்கா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல், ராகமாக, நான் அதுவரை கேட்டிராத குரலில். நான் காதைக் கூர்மையாக்கி நின்றேன். தெரிந்த வார்த்தை ஒன்றுகூட அதில் வரவில்லை.

“என்னடி சொல்றா?” என்று அம்மா கேட்டாள்.

“சும்மா, பாப்பாகிட்டக் கொஞ்சுறாம்மா. அர்த்தமெல்லாம் கெடையாது,” என்றேன். நானும் குனிந்து வாய்க்கு வந்த சத்தங்களை எல்லாம் அந்தப் பிள்ளையிடம் கொட்டினேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று அவள் பிள்ளையிடம் பேசியது அவள் ஊர்ப் பேச்சு, சந்தாலி என்று அதற்குப் பேர் என்பதெல்லாம் நான் அறிந்தபோது, விடுதி வேலை முடிந்து அவர்கள் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. இந்தி அவளுக்கும் போன இடங்களில் பொறுக்கிச் சேர்த்ததுதான். குழாயடியில் நாங்கள் இருவருமே கடன் வாங்கித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கு அது தெரியும். நான் மட்டும், அவள் சொந்தப் பேச்சையே கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.