மூன்றாம் நம்பர் லாரியின் செலவு

கடல் நடுவே ஒரு தீவில், டாலிகஞ்ச் என்ற இடத்தின் ஓரத்து லாரி ஷெட்டில் குழந்தைவேலுவுக்கு ஒரே வேலைதான். எந்த லாரிக்கு, எந்த டிரெய்லருக்கு என்ன ரிப்பேர், என்ன செலவு என்று வண்டிவாரியாக எழுதி வைக்க வேண்டும். மதுரைப் பக்கத்து ஆள். 1960களில், தீவில் சாலை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், கல்லும் மரமும் ஏற்றும் கான்டிராக்டர் பக்தவத்சலத்திடம் வந்து சேர்ந்தார்.

சாமான் எல்லாம் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பலோ தன் இஷ்டத்துக்கு வரும். அதுவரை வேலை நிற்குமா? ஒரு வண்டி படுத்தால் இன்னொன்றில் கழற்றி இதில் மாட்டி ஓட்டுவார்கள். கப்பல் வந்ததும் கழற்றிய வண்டிக்குப் புதுச் சாமான் போடுவார்கள். புதுசு எந்த வண்டியில் ஏறுகிறதோ, செலவும் அதன் பேரில்தான். அது முதலாளி போட்ட சட்டம்.

எந்த வண்டியில் என்ன சாமான் என்ற கணக்கு தெரிந்த குழந்தைவேலுவைத்தான் எதில் கழற்றுவது என்று கேட்பார்கள். அவர் மூன்றாம் நம்பரைத்தான் காட்டுவார். அதை ஓட்டிய செபஸ்தியான் வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தான். நல்ல சாமான் நல்ல வண்டியில்தானே இருக்கும்? பிரேக், டைனமோ, ஸ்பிரிங் பட்டை எல்லாம் அதிலிருந்தே போயின. ஊரெல்லாம் தின்றதற்கு அவன் வண்டி பேரில் பில்.

ஒரு மழைக்காலத்தில் வேலை குறைந்தது. பக்தவத்சலம் கணக்கைப் புரட்டினார்.

"மூணாம் நம்பர்தான் ஜாஸ்தி தின்னுது. வந்த விலைக்கு வித்துடு. டிரைவரை அடுத்த கப்பல்ல ஏத்திவிடு."

செபஸ்தியானும் அவன் மனைவி லூசியும் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு தூத்துக்குடியிலிருந்து ஓடி வந்தவர்கள். அங்கே அவர்களுக்குக் கதவு திறக்க ஒருவரும் இல்லை. இங்கே ஷெட்டுக்குப் பின்னால் முதலாளி கொடுத்த ஒற்றை அறைதான் வீடு.

"முதலாளி, அது தின்னலைங்க. மத்த வண்டிங்களுக்குக் குடுத்துச்சுங்க."

"எழுதினது யாரு? நீதானே?"

"நீங்க சொன்னபடிதாங்க எழுதினேன்."

"அப்ப கணக்கு சரிதானே? போ."

இதற்கு மேல் அந்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது? ஆனாலும் மறுநாள் போனார், அதற்கு மறுநாளும் போனார். "அவன்கூட நீயும் மெயின்லேண்ட் போறியா?" என்று கேட்டபிறகுதான் வாயை மூடிக்கொண்டார். அவரைக் கோழை என்பவர்கள் நடுக்கடலில் வேலை போய் நின்று பார்த்திருக்க வேண்டும்.

கப்பல் ஏறும் காலையில் செபஸ்தியான் ஷெட்டுக்கு வந்தான்.

"அண்ணே, என் வண்டி என்னண்ணே தப்பு பண்ணுச்சு?"

லூசி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வாங்க, போவோம்" என்றாள். அவர்கள் தலை மறைந்ததும் குழந்தைவேலு பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மூன்றாம் நம்பரைச் சிப்பிகாட் தோட்டக்காரர் ஒருவர் வாங்கிப்போனார். அவருக்கு அடித்தது யோகம்.

அடுத்த வாரமே ஐந்தாம் நம்பருக்குப் பிரேக் போயிற்று. மிஸ்திரி பழனிசாமி ஸ்பேனரோடு வந்து நின்றார். தீவிலேயே இருந்து பழகி, அவருக்குக் கப்பல் 'ஜஹாஸ்', வண்டி 'காடி'.

"பாபு, ஜஹாஸ் வர நாளாகும். எந்த காடில கழட்டட்டும்?"

மழைக்கு ஒதுங்கியிருந்த டிரைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, குழந்தைவேலுவின் வாயையே பார்த்தார்கள்.