மாடிக் காற்றின் முதல் விதி

ஜோர்டானின் அம்மான் நகரில் புறா வளர்ப்பவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அவன் சாட்சியைக் கோர்ட்டு ஏற்காது என்றும் கேலி பேசுவார்கள். அடுத்தவன் புறாவைத் தன் மாடியில் இறக்கிவிட்டு, என் கூண்டில் பொரித்த குஞ்சு என்று தாயின் மேல் சத்தியம் செய்கிற கூட்டம் என்று பெயர். பெயர் ஒன்றும் தப்பில்லை. அந்தக் கூட்டத்தை ஒழுங்காகப் பேசவைக்கப் போகிறேன் என்று கிளம்பினார் தைசீர்.

அவருக்கு அஷ்ரஃபிய்யா மலையில் வீடு, கீழே கடைத்தெருவில் பல் செட் செய்கிற வேலை. பகலெல்லாம் ஊர் வாய்க்குப் பல் கட்டுவார், சாயங்காலம் அதே வாய்களுக்குப் பூட்டுப் போடுவார் என்பாள் அவர் மனைவி நஜாஹ். பூட்டுப் போடுகிற இடம் 'மாடிக் காற்று' என்ற புறாக்காரர்களின் இணையக் குழு. ஆரம்பித்தவரும் அவரே, நிர்வாகியும் அவரே, பெருக்கித் துடைப்பவரும் அவரே. "யாராவது கூட வந்து பாத்துக்குங்கப்பா" என்று எழுதினால் கட்டைவிரலும் இதயமுமாக வந்து குவியும். ஆள் மட்டும் வராது.

விதிகள் கொஞ்சம்தான். முதல் விதி, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது. அடுத்தது, யார் தாயையும், யார் புறாவையும் பழிக்கக் கூடாது. எதை மீறினாலும் ஒரு வாரம் வெளியே. இன்னொன்று, உறுப்பினர் புறா இன்னொரு உறுப்பினர் மாடியில் இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இருவரில் ஒருவர் வெளியாள் என்றாலும் பழைய வழக்கம்தான்: பிடித்தவனுக்கே புறா.

ஒரு வியாழக்கிழமை மதியம், தெற்கே தொலைதூரக் கடலோர ஊரான அகபாவிலிருந்து ஸுஹைர் தன் புதுப் புறாவின் படத்தைப் போட்டான். எதிர்மலை அபூ ராக்கான் சும்மா இருப்பாரா? "இது புறாவா, இல்ல உங்க மாமியார் ஒட்டடை அடிக்கிற துடைப்பமா?" என்று எழுதினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு தைசீர் அவரை ஒரு வாரத்துக்கு வெளியே தள்ளினார்.

அன்று சாயங்காலமே அந்தக் கூத்து நடந்தது. தைசீரின் ஜூரி, கால் இறகு செருப்புப் போட்டதுபோல் புசுபுசுவென்று இருக்கும் வெள்ளைப் பெட்டை, கூட்டத்தை விட்டு விலகி எதிர்மலைப் பக்கம் போனாள். அங்கே அபூ ராக்கான், பறக்கிற புறாக்களைத் தன் மாடிக்கு இழுக்க, கழியில் கட்டிய கறுப்புத் துணியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். தைசீர் விசிலடித்தார், தீனித் தட்டைத் தட்டினார், கெஞ்சினார். ஜூரி அபூ ராக்கான் மாடியில் போய் இறங்கிவிட்டாள். நஜாஹிடம் சொல்லாததையெல்லாம் அவர் ஜூரியிடம் சொல்லியிருக்கிறார்.

"போய்க் கேளுங்களேன்," என்றாள் நஜாஹ்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கேக்குறது? அவர் இப்ப வெளியாளு."

"யாரு வெளியாளாக்குனது?"

தைசீர் தேநீரில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டார்.

விஷயம் குழுவுக்குள் பரவியது. இத்தனை நாள் கட்டைவிரல் காட்டியவர்களுக்கெல்லாம் திடீரென்று பொறுப்பு வந்துவிட்டது. மதியத்துக்கு முன்பே ஜூரி இறங்கியிருந்தால் அப்போது அபூ ராக்கான் உறுப்பினர், புறாவைத் தந்தே ஆகவேண்டும். அவ்வளவுதானே? காலையிலேயே ஜூரி எதிர்மாடியில் நின்றதைக் கண்ணால் பார்த்ததாக ஒருவர் எழுதினார். இன்னொருவர் அவள் அங்கே காலை உணவு சாப்பிட்டதையும் பார்த்தார். மூன்றாமவர் உணவு என்ன என்றும் சொன்னார், கொண்டைக்கடலை.

ஸுஹைர் போனே பண்ணிவிட்டான். "தைசீர் அண்ணே, நானும் பாத்தேன்னு போட்டிருக்கேன், கவலப்படாதீங்க."

"டேய், நீ அகபாவுல இருக்க. நடுவுல பாலைவனம் கிடக்குது."

"அன்னிக்கு வானம் தெளிவா இருந்துச்சுண்ணே."

தைசீருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இந்தப் பயல்களுக்குத் தன்மேல் இத்தனை பாசமா என்று இருந்தது. பேசாமல் இருந்தால் போதும், ஜூரி வீட்டுக்கு வந்துவிடுவாள். சாட்சிகளை மறுபடி மறுபடி படித்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அத்தனை சாட்சிகளையும் ஒவ்வொன்றாக அழித்தார். "ஜூரி போனது சாயங்காலம். நானே பார்த்தேன். புறா அபூ ராக்கானுடையது" என்று எழுதினார். எழுதி முடித்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

மறுநாள் தொழுகை முடிந்ததும் வாசலில் அபூ ராக்கான் வந்து நின்றார். மேல்சட்டைக்குள் ஏதோ துள்ளியது.

"வெளிய தள்ளுனா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? என் வீட்டுக்காரி போன்ல எல்லாத்தையும் படிச்சேன்யா. எனக்கு எதிரா ஊரே புளுகுது, நீ உக்காந்து அழிக்கிற. உனக்குப் பைத்தியமா?"

"விதின்னா விதிதானே, அபூ ராக்கான்."

"தனியா இந்த வேலையப் பாத்தா நீ சீக்கிரம் போய்ச் சேந்துருவ. பாதிய எங்கிட்ட குடு. நானும் நிர்வாகி. இந்தா, உன் பொண்ணு."

ஜூரி வெளியே வந்து தைசீரின் தோளில் ஏறி, ஒன்றும் நடக்காததுபோல் எச்சம் போட்டாள்.

தைசீருக்குத் தலைகால் புரியவில்லை. அபூ ராக்கானை மறுபடி உள்ளே சேர்த்து, நிர்வாகியுமாக்கி, பலகாரம் கொடுத்து அனுப்பினார். கூண்டுக் கதவைத் திறந்து ஜூரியை மாடியில் உலவவிட்டார். அப்புறம் சந்தோஷத்தில் குழுவில் எழுத உட்கார்ந்தவருக்குக் கை நிற்கவில்லை: "ஜூரி தானாகவே திரும்பி வந்தாள். மழையிலும் புயலிலும் மலை மலையாகத் தாண்டி, பருந்து ஒன்றை விரட்டியடித்துவிட்டு வந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்."

தேநீர் ஆறுவதற்குள் கைபேசி சிணுங்கியது.

"உங்கள் பதிவு நீக்கப்பட்டது. காரணம்: முதல் விதி. ஒரு வாரம் வெளியே. இப்படிக்கு, நிர்வாகி அபூ ராக்கான்."

"சரியாத்தானே செஞ்சிருக்காரு," என்றாள் நஜாஹ்.

தைசீரும் தலையாட்டிச் சிரித்தார். ஒரு வாரம் வேலையில்லை, காலை நீட்டிப் படுக்கலாம் என்று நினைத்தார். அதற்குள் இன்னொரு நினைப்பு வந்து சிரிப்பை நிறுத்தியது. இப்போது அவர் வெளியாள். வெளியாள் புறா என்றால் பழைய வழக்கம்.

ஒற்றைச் செருப்போடு மாடிக்கு ஓடினார். கைப்பிடிச் சுவரில் நின்றுகொண்டு ஜூரி கழுத்தை நீட்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்மலையில் கறுப்புத் துணி சுழன்றுகொண்டிருந்தது.